குளத்தங்கரையில் ஒரு பாடம்

(வானொலி வேளாண் நிகழ்ச்சிப் பேச்சு)



ராத்திரி வரைக்கும் துள்ளிக்கொண்டிருந்த மீன், பொழுது விடியும்போது செத்து மிதக்கும். ஏரி, கண்மாய் ஏலத்துக்கு எடுத்து மீன் வளர்க்கிறவர்களுக்கும், சொந்தத்தில் பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்களுக்கும் இது தெரிந்த சங்கதிதான். அந்த நேரத்தில் மனசில் என்ன தோன்றும்? "எவனோ மருந்தைக் கலக்கிட்டான்" என்றுதான் தோன்றும். உடனே வேண்டாதவர் முகம் நினைவுக்கு வரும். வாய்ப்பேச்சு முற்றும். பஞ்சாயத்து கூடும். சில ஊர்களில் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய்விடும். மீனும் போச்சு, போட்ட பணமும் போச்சு, பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தையும் போச்சு!

விஷம் வைக்கிறவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாருமே கை வைக்காமல், குளமே தன் மீனை மூச்சு முட்ட வைத்துவிடுவதும் உண்டு. எது விஷம், எது மூச்சு முட்டல் என்று பிரித்துப் பார்க்கிற அறிவு எங்கேயோ பட்டணத்தில் இல்லீங்க. உயர்நிலைப் பள்ளியிலும் மேல்நிலைப் பள்ளியிலும் படிக்கிற உங்கள் பிள்ளையின் புத்தகப் பைக்குள்ளேயே இருக்கிறது. குளம், அதில் வாழும் உயிர்கள், ஒன்றை ஒன்று எப்படி நம்பியிருக்கின்றன என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாடத்தைக் குளத்தங்கரைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

குளம் எப்படி மூச்சு விடுகிறது?

நாம் மூச்சு விடுகிற ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கும் தெரியுமா? நம் ஊர் வெப்பத்தில், அதாவது 30 டிகிரி செல்சியஸில், சுமார் 7.5 மில்லிகிராம்தான். தண்ணீர் குளிர்ந்து 20 டிகிரியாக இருந்தால் 9 மில்லிகிராம் வரை கரையும். ஆகவே தண்ணீர் சூடாகச் சூடாக அதில் பிராணவாயு குறைகிறது. மீனுக்கோ சூட்டில்தான் பிராணவாயு அதிகம் தேவைப்படுகிறது. கோடையில் மீன் வளர்ப்பு கத்தி மேல் நடப்பது போல இருப்பதற்கு இதுதான் காரணம்.

கெண்டை மீன்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நல்லது. 3-க்குக் கீழே போனால் மீன் தவிக்க ஆரம்பிக்கும், தீவனம் எடுக்காது. 1-க்குக் கீழே போய் அப்படியே நின்றால் சாக ஆரம்பிக்கும்.

இந்தப் பிராணவாயு எங்கிருந்து வருகிறது? காற்று அலையடிக்கும்போது கொஞ்சம் கரைகிறது. பெரும்பகுதியை உண்டாக்குவது தண்ணீரைப் பச்சையாகக் காட்டுகிற நுண்பாசிதான். வெயில் இருக்கும்போது அது தனக்கு உணவு தயாரித்துக்கொண்டு பிராணவாயுவை வெளியே விடுகிறது. ஆகவே சாயங்காலம் மூன்று, நான்கு மணிக்குக் குளத்தில் பிராணவாயு நிறைந்திருக்கும்.

ராத்திரியில் கதை மாறிவிடுகிறது. வெயில் இல்லை, ஆகவே உற்பத்தி இல்லை. ஆனால் செலவு நிற்பதில்லை. மீன் மூச்சு விடுகிறது. அடிச்சேற்றில் மட்கும் சாணமும் இலைதழையும் பிராணவாயுவைத் தின்கின்றன. பகலில் கொடுத்த அதே பாசியும் ராத்திரியில் எடுக்கிறது. பகல் முழுக்கச் சம்பாதித்து ராத்திரி முழுக்கச் செலவழிக்கிற குடும்பம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பொழுது விடிவதற்குச் சற்று முன்னால்தான் கையிருப்பு மிகவும் குறைவாக இருக்கும். முந்தின நாள் முழுக்க மேகமூட்டமாக இருந்திருந்தால் சம்பாத்தியமே கிடையாது. அன்றைக்குத்தான் விபத்து நடக்கிறது.

திடீரென்று கோடை மழை கொட்டினாலும் ஆபத்து உண்டு. மேல் தண்ணீர் குளிர்ந்து கனமாகி அடியில் இறங்கும். அடியில் கிடந்த பிராணவாயு இல்லாத கெட்ட நீர் மேலே வரும். அப்போதும் மீன் தவிக்கும்.

விஷமா, மூச்சு முட்டலா?

இப்போது உங்கள் பிள்ளையைக் கரைக்கு அழைத்துவந்து கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

முதலாவது, நேரம். பிராணவாயுக் குறைவால் மீன் சாவது பெரும்பாலும் விடியற்காலையில். விஷத்துக்கு நேரம் காலம் இல்லை.

இரண்டாவது, மீனின் போக்கு. மூச்சு முட்டும் மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மருந்து பட்ட மீன் தாறுமாறாக ஓடும், சுழலும், துள்ளி விழும்.

மூன்றாவது, எந்த அளவு மீன் செத்திருக்கிறது என்பது. பிராணவாயு குறைந்தால் பெரும்பாலும் பெரிய மீன் முதலில் போகும். விஷமானால் சின்ன மீன்தான் பொதுவாக முதலில் போகும்.

நான்காவது மிகவும் முக்கியம். எந்த ஜாதி மீன் செத்திருக்கிறது? கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் தண்ணீரில் கரைந்த பிராணவாயுவையே நம்பியிருப்பவை. விரால், தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை அப்படியல்ல. மேலே வந்து காற்றையே நேராக விழுங்கி மூச்சு விடக்கூடியவை. கட்லாவும் ரோகுவும் செத்து மிதக்க, விரால் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தால் அது பிராணவாயுக் குறைவு என்பதற்கு நல்ல அடையாளம். விராலும் செத்து, தவளையும் நீர்ப்பூச்சியும் கூடச் செத்துக் கிடந்தால் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும்.

இவை அடையாளங்கள்தான், தீர்ப்பு அல்ல. சந்தேகம் இருந்தால், உடனே சுத்தமான பாட்டிலில் குளத்துத் தண்ணீரையும், அப்போதுதான் செத்த ஓரிரு மீன்களை ஐஸில் வைத்தும் மீன்துறை அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். விஷச் சந்தேகம் உள்ள மீனைச் சமைக்கவோ விற்கவோ கூடாது. வீண்பழி சுமத்துவதற்கு முன்னால் இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுப் பார்ப்பது ஊருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

பாடப்புத்தகம் சொல்வது என்ன?

உயிரியல் புத்தகத்தில் 'சூழல் மண்டலம்' என்று ஒரு சொல் வரும். ஓர் இடத்தில் உள்ள உயிர்களையும், மண், நீர், வெயில், காற்று ஆகியவற்றையும் சேர்த்து ஒரே குடும்பமாகப் பார்ப்பதுதான் அது. இந்தக் கருத்துக்கு 1935-ஆம் ஆண்டில் பெயர் வைத்தவர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர். இதை விளக்குவதற்குக் குளத்தைப் போல வசதியான உதாரணம் வேறு இல்லை. நாலு பக்கமும் கரை. உள்ளே என்ன நடக்கிறது என்று சுற்றி வந்து பார்த்துவிடலாம்.

பாசி உற்பத்தியாளர். அதைத் தின்னும் நுண்ணிய பூச்சிகள் முதல் நுகர்வோர். அவற்றைத் தின்னும் சிறுமீன் அடுத்த படி. சிறுமீனைத் தின்னும் விராலும் கொக்கும் அதற்கு மேல். செத்ததை எல்லாம் மட்க வைத்து மறுபடி உரமாக்கும் பாக்டீரியாக்கள் சிதைப்போர்.

இதில் பத்து சதவீத விதி என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். ரேமண்ட் லிண்டமன் என்ற இளைஞர் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ஒரு சிறிய ஏரியை வருடக்கணக்கில் ஆராய்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த விதி இது. கட்டுரை 1942-இல் அச்சாகி வெளிவருவதற்குள் அவர் 26 வயதிலேயே இறந்துவிட்டார். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது சுமார் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பது விதி. இது ஒரு தோராயக் கணக்குதான், துல்லியம் அல்ல. 1000 கிலோ பாசி என்றால், அதைத் தின்னும் நுண்பூச்சி 100 கிலோ. அதைத் தின்னும் சிறுமீன் 10 கிலோ. அதைத் தின்னும் விரால் ஒரே ஒரு கிலோ!

இதில் நமக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். லாபம் இருக்கிறது. படிக்கட்டு குறைய குறைய மகசூல் கூடும். அதனால்தான் பிற மீனைத் தின்னும் மீனை விட்டுவிட்டு, கீழ்ப்படியில் தின்னும் மீன்களைக் கூட்டாக வளர்க்கச் சொல்கிறோம். கட்லா மேல்மட்டத்தில் நுண்பூச்சிகளைத் தின்னும். ரோகு நடுமட்டத்தில் மேயும். மிர்கால் அடியில் மட்கியதைத் தின்னும். புல்கெண்டை நீர்ச்செடியைத் தின்னும். ஒரே குளத்தில் ஒருவர் சோற்றில் மற்றவர் கை வைக்காமல் எல்லாரும் பிழைக்கிறார்கள். கூட்டு மீன் வளர்ப்பு என்பது இந்தப் பாடத்தின் செயல்முறைதான். குஞ்சு கிடைப்பதற்கும் படிப்புதான் வழி செய்தது. ஊசி மூலம் கெண்டை மீனைச் சினைப்படுத்தும் முறையில் ஹீராலால் சௌத்ரி 1957 ஜூலை 10-ஆம் தேதி வெற்றி கண்டார். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

கரையிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

பெரிய கருவி எதுவும் வேண்டாம். முதலில் ஒரு தட்டு செய்து கொள்ளுங்கள். பழைய தகரத்தை 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டமாக வெட்டி, நாலு பாகமாகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பெயிண்ட் அடியுங்கள். அடியில் ஒரு கல்லைக் கட்டி, நடுவில் கயிறு போட்டு, கயிற்றில் பத்து பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். 1865-இல் ஏஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் இப்படி ஒரு வெள்ளைத் தட்டைக் கடலில் இறக்கிப் பார்த்தார். ஆகவே இதற்குச் செக்கித் தட்டு என்று பெயர்.

நடுப்பகலில் தட்டைத் தண்ணீரில் மெதுவாக இறக்க வேண்டும். கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கவும். மறுபடி தூக்கும்போது தெரிகிற ஆழத்தையும் குறிக்கவும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அதுதான் அளவு. 30 முதல் 40 சென்டிமீட்டர் இருந்தால் பாசி அளவாக இருக்கிறது. 20-க்குக் கீழே போனால் பாசி மிதமிஞ்சிவிட்டது. சாணமும் உரமும் போடுவதை உடனே நிறுத்த வேண்டும். 60-க்கு மேல் போனால் மீனுக்கு இயற்கை உணவு போதவில்லை. அனுபவஸ்தர்கள் முழங்கை வரை கையை விட்டு உள்ளங்கை தெரிகிறதா என்று பார்ப்பார்கள் இல்லீங்களா? அதே கணக்குதான் இது. ஒரு எச்சரிக்கை: தண்ணீர் பச்சையாக இல்லாமல் செம்மண் கலங்கலாக இருந்தால் இந்த அளவை வைத்துப் பாசியைக் கணிக்கக் கூடாது.

அடுத்து வெப்பமானி. மேல் தண்ணீரிலும், ஒரு பாட்டிலைக் கயிற்றில் இறக்கி எடுத்த அடித் தண்ணீரிலும் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். அதன்பின் பி.எச். தாள். தண்ணீர் புளிப்பா, காரமா என்று நிறம் மாறிக் காட்டும். 7 முதல் 8.5 வரை மீனுக்கு ஏற்றது. காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். பச்சைக் குளத்தில் பிற்பகலில் இது ஏறியிருக்கும். பாசி கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதுதான் காரணம். அதே நீரில் இரண்டு வேளையில் இரண்டு எண் வருவதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்குப் பாடம் மறக்கவே மறக்காது.

பிராணவாயுவை அளக்க மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வுக்கூடத்திலேயே வழி உண்டு. 1888-இல் விங்க்ளர் என்ற ஹங்கேரி நாட்டு வேதியியலார் கண்டுபிடித்த முறை இது. காற்றுக் குமிழி புகாமல் மூடி போட்ட பாட்டிலில் தண்ணீரை நிரப்பி இரண்டு ரசாயனக் கரைசல்களைச் சேர்ப்பார்கள். பிராணவாயு இருந்தால் பழுப்பு நிறத்தில் படியும். சுத்தமாக இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். பிறகு கந்தக அமிலம் சேர்த்து அளவைக் கணக்கிட வேண்டும். அமிலம் சம்பந்தப்பட்டதால் இதை ஆசிரியர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும், வீட்டில் கூடாது. விடியற்காலைத் தண்ணீர் ஒரு பாட்டில், சாயங்காலத் தண்ணீர் ஒரு பாட்டில். முதல் இரண்டு கரைசல்களையும் ஆசிரியர் கரையிலேயே சேர்த்துவிட்டால் மீதியைப் பள்ளியில் போய்ச் செய்யலாம். உங்கள் ஊர்ப் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுந்து கேட்கக்கூடிய நல்ல கேள்வி இது.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், வெயிலா மேகமா, தண்ணீரின் நிறம், தட்டின் அளவு, வெப்பம், மீன் தீவனம் எடுத்ததா இல்லையா என்று வாரம் இரண்டு முறை எழுதினால் போதும். ஒரு வருடம் எழுதினால், எந்த மாதத்தில் உங்கள் குளம் தடுமாறுகிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

பிள்ளையின் உயிர் முதலில்

இதில் ஒரு கண்டிப்பு வேண்டும். எந்தப் பிள்ளையும் தனியாகக் குளத்துக்குப் போகக் கூடாது. வண்டல் அள்ளிய ஏரியில் எங்கே பள்ளம் இருக்கிறது என்று தண்ணீர் நிரம்பிய பின் யாருக்கும் தெரியாது. இடுப்பளவு என்று நினைத்து வைத்த கால் ஆளை மூடும் குழியில் இறங்கிவிடும். ஆகவே சோதனை எல்லாம் கரையிலிருந்தோ படித்துறையிலிருந்தோதான். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தட்டையும் பாட்டிலையும் நீண்ட மூங்கில் கழியில் கட்டி நீட்டினால் உள்ளே இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

மீன் தவித்தால் உடனே என்ன செய்யலாம்?

தீவனம், சாணம், உரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மோட்டார் அல்லது ஆயில் எஞ்சின் வைத்துக் குளத்துத் தண்ணீரையே இறைத்து, உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் விடுவதானாலும் நேராக விடாதீர்கள். கிணற்றடி நீரில் பிராணவாயு குறைவாகவே இருக்கும். பலகையிலோ கல்லிலோ மோதி விழச் செய்தால்தான் காற்று கலக்கும். எதுவும் கிடைக்காவிட்டால் நாலு பேர் கரையில் நின்று மூங்கிலால் தண்ணீரை அடித்துக் கலக்குவதும் கொஞ்சம் உதவும். ஆனால் அடிச்சேற்றைக் கிளறிவிடக் கூடாது. வளர்ந்த மீனில் ஒரு பகுதியைப் பிடித்து விற்றுவிட்டால் மீதி மீனுக்கு மூச்சு கிடைக்கும்.

வருமுன் காப்பதும் உண்டு. வயலில் போட்ட யூரியாவும் டி.ஏ.பி.யும் மழையில் கரைந்து குளத்துக்கு வந்தால் பாசி மிதமிஞ்சிப் பெருகும். மருந்து அடித்த வயலின் வடிகால் நீரைக் குட்டைக்குள் திருப்பக் கூடாது. ஆகாயத்தாமரை குளத்தை மூடினால் வெயிலும் காற்றும் தண்ணீரில் படாது. அதைக் கரையேற்றிக் கம்போஸ்ட் செய்யலாம்.

நமக்குப் புதுசா இது?

தண்ணீரையும் உயிரையும் சேர்த்துப் பார்ப்பது நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள் உண்டு என்று கணக்குச் சொல்கிறார்கள். மடை திறக்கிற நீர்க்கட்டிக்குத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே பல விஷயம் தெரியும். செங்கல்பட்டுப் பகுதியில் வேடந்தாங்கல் விவசாயிகளைப் பாருங்கள். ஏரி மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது என்பதை அவர்கள் கண்டறிந்து வைத்திருந்தார்கள். பறவைகளைச் சுட்டவர்களைத் தடுக்கும்படி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் முறையிட்டு உரிமை பெற்றார்கள். அந்த ஏரி 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நைட்ரஜன், பாஸ்பரஸ் என்ற பெயர் தெரியாமலேயே சூழல் மண்டலப் பாடத்தை நடத்திக் காட்டியவர்கள் அவர்கள். ஆகவே பிள்ளை தட்டைப் பிடித்து அளக்கும்போது, பக்கத்தில் பெரியவரையும் உட்கார வையுங்கள். எந்த வருஷம் கலங்கல் வழிந்தது, எந்த வருஷம் மீன் செத்தது என்று அவர் சொல்வதையும் அதே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மேலே படிக்க வழி

இந்தப் படிப்பில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு மேலே வாசல் திறந்தே இருக்கிறது. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி 1977-இல் தொடங்கப்பட்டது. 2012-இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. மேல்நிலையில் உயிரியல் உள்ள பாடப்பிரிவு எடுத்துப் படித்தவர்கள் நான்கு ஆண்டு மீன்வள அறிவியல் பட்டப்படிப்பில் சேர முயலலாம். சேர்க்கை விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். குளத்துக்குப் போவது ஆம்பிளைப் பிள்ளை வேலை என்று பெண் குழந்தைகளை நிறுத்திவிடாதீர்கள். கவனித்து எழுதுகிற பொறுமை இருந்தால் போதும், இதில் ஆண், பெண் வித்தியாசம் இல்லை.

பெருமக்களே, சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் விடியற்காலையில் குளத்தைப் போய்ப் பாருங்கள். வாரம் இரண்டு முறை தட்டை இறக்கி அளவை எழுத வையுங்கள். மீன் செத்தால் ஆளைத் தேடுவதற்கு முன்னால் விரால் உயிரோடு இருக்கிறதா என்று தேடுங்கள். பிள்ளைகளைத் தனியாகத் தண்ணீர்ப் பக்கம் அனுப்பாதீர்கள். இன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையிடம், "குளத்துப் பாடம் எந்தப் பக்கத்தில் இருக்கு, எடுத்து வாசி, கேட்போம்" என்று சொல்லுங்கள். அது வாசிக்கட்டும், நீங்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் நம் குளமும் பிழைக்கும், குடும்பமும் பிழைக்கும்.